ஜிம்மி ஹோகன்: ஹங்கேரி அணியை உருவாக்கியவர் இவர்தானா?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறார். 1953இல் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்த ஹங்கேரி அணியை உருவாக்கியதே ஜிம்மி ஹோகன் என்ற ஓர் இங்கிலாந்துக்காரர்தான் என்று ஒரு வீடியோவில் பார்த்தாராம், அது உண்மையா? ஆடிய காலத்தில் அவர் பெரிய ஆட்டக்காரரா? முதல் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பியவருக்கு அங்கத்திய கால்பந்துச் சங்கம் மூன்று ஜோடி காலுறைகளைக் கொடுத்து அனுப்பியது என்கிறார்களே, அது கட்டுக்கதையா? மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான். சொந்த நாட்டில் சுமாராக ஆடிய ஒருவரால் அடுத்த நாடுகளின் ஆட்டத்தையே மாற்றியிருக்க முடியுமா, அதில் எவ்வளவை நம்பலாம் என்பது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை. இருபது வருடத்துக்கும் மேலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். நாம் சொல்லிக்கொடுக்கும் முறை எல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய் ஹோகனிடம் வந்து சேர்ந்தேன். ஹங்கேரிய மொழியோ ஜெர்மனோ எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

தமிழில் ‘பயிற்சியாளர்’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துவிடுகிறோம். அன்றைய இங்கிலாந்தில் டிரெய்னர் வேறு, கோச் வேறு. சொல்லப்போனால் கோச் என்று ஒருவர் கிளப்புகளில் அநேகமாக இருந்ததே இல்லை. டிரெய்னர் என்றால் ஆட்டக்காரர்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிறவர், தைலம் தேய்த்து உருவிவிடுகிறவர், யாராவது அடிபட்டு விழுந்தால் தண்ணீர் வாளியும் ஸ்பாஞ்சுமாக உள்ளே ஓடுகிறவர். பந்தை எப்படி உதைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அவர் வேலை இல்லை. அது பிறவியிலேயே வர வேண்டியது என்று நினைத்தார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாரம் முழுக்கப் பந்தைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தால் சனிக்கிழமை மேட்சில் பந்துக்காக வெறியோடு ஆடுவார்கள் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. சிரிக்காதீர்கள். நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது எங்கள் பி.டி. மாஸ்டரும் இதைத்தான் செய்தார். நாலு ரவுண்டு ஓடி முடித்து நாக்குத் தள்ளிய பிறகுதான் பந்து வெளியே வரும்; அதற்குள் பெல் அடித்துவிடும்.

ஹோகன் வளர்ந்தது இந்தச் சூழலில். பிறந்தது 1882 அக்டோபர் 16, லங்காஷயரில் நெல்சன் என்ற ஊரில். பஞ்சாலை ஊர், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மான்செஸ்டரில் செயின்ட் பீட்ஸ் கல்லூரியில் சேர்த்தும் படிக்கவைத்தார். பையனின் மனசு பந்தில் கிடந்தது. உள்ளூர்ச் சிறு அணிகளில் ஆடி, 1903 வாக்கில் பர்ன்லி அணியில் இன்சைட் ஃபார்வர்டாக, அதாவது முன்வரிசையில் நடு ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் ஆடுகிறவராக நுழைந்தார். அங்கே நடந்ததாக அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. ஒரு மேட்சில் நல்ல வாய்ப்பில் அடித்த பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்துவிட்டது. என் கால் வைத்த இடம் தப்பா, உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டதா என்று மேலாளரிடம் போய்க் கேட்டிருக்கிறார். “அடிச்சுக்கிட்டே இரு தம்பி, பத்துக்கு ஒண்ணு உள்ளே போனா போதும்” என்கிற பாணியில் பதில் வந்ததாம். ஹோகன் சொல்லித்தான் நமக்கு இது தெரியும்; அந்த மேலாளர் 1910இலேயே இறந்துவிட்டார், மறுத்துப் பேச ஆள் இல்லை. ஆனால் அந்தக் காலத்து மனப்போக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஏன் தப்பியது என்று கேட்கிற ஆட்டக்காரரை அன்று யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெரிய ஆட்டக்காரரா என்றால், இல்லை. இங்கிலாந்து தேசிய அணிக்கு ஒரு முறைகூட ஆடவில்லை. அவரது ஆட்ட வாழ்க்கையின் நல்ல பகுதி லண்டனின் ஃபுல்ஹாம் அணியில் கழிந்தது. 1905-06, 1906-07 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் அந்த அணி சதர்ன் லீக் பட்டம் வென்றது. 1908இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பையில் அரையிறுதி வரை போய் நியூகாசிலிடம் 6-0 என்று சுருண்டது. அந்த ஃபுல்ஹாமின் மேலாளர் ஹாரி பிராட்ஷா, ஸ்காட்லாந்து பாணியில் தரையோடு பந்தைச் சின்னச் சின்னப் பாஸ்களாகக் கைமாற்றி ஆடும் ஆட்டக்காரர்களைத் திரட்டி வைத்திருந்தார். ஹோகன் பிற்காலத்தில் ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோன சரக்கு இங்கே ஏற்றியது என்பது என் கணிப்பு. அவரே கண்டுபிடித்த பாணி என்று நினைப்பது தவறு. முழங்கால் தொந்தரவும் சேர்ந்துகொள்ள, ஸ்விண்டன் அணி வழியாக போல்டன் அணிக்குப் போனார். சம்பளமும் ஒரு பிரச்சினை. 1901 முதல் எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று விதி இருந்தது. முப்பது வயதில் ஆட்டம் முடிந்துவிடும், கையில் எதுவும் இருக்காது. இந்த நிலையில் பலர் கடல் தாண்டினார்கள்: வில்லியம் கார்பட் ஜெனோவாவுக்கு, ஸ்டீவ் ப்ளூமர் பெர்லினுக்கு, ஃப்ரெட் பென்ட்லாண்ட் ஜெர்மனிக்கும் பிறகு ஸ்பெயினுக்கும். ஹோகன் இந்த வரிசையில் ஒருவர், அவ்வளவுதான். தனி அவதாரம் இல்லை.

போல்டன் அணி ஹாலந்துக்குச் சுற்றுப்பயணம் போனபோது டோர்ட்ரெக்ட் என்ற உள்ளூர் அணியை 10-0 என்று வென்றது. ஒரு நாள் திரும்பி வந்து இவர்களுக்கு ஒழுங்காக ஆடச் சொல்லிக்கொடுப்பேன் என்று அன்றே நினைத்ததாக ஹோகன் சொல்கிறார். அந்த நினைப்பு அன்றைக்கு வந்ததா, பிறகு சேர்த்துக்கொண்டதா என்று சோதிக்க வழியில்லை. ஆனால் 1910இல் அதே டோர்ட்ரெக்டுக்குப் பயிற்சியாளராகப் போனது உறுதி. ஆங்கில நடுவர் ஜேம்ஸ் ஹௌகிராஃப்ட் தகவல் சொல்லி அனுப்பினார். அந்த வருடம் அக்டோபர் 16ஆம் தேதி, தன் இருபத்தெட்டாவது பிறந்தநாளில், நெதர்லாந்து தேசிய அணிக்குப் பொறுப்பேற்று கிளேவே நகரில் ஜெர்மனியை 2-1 என்று வென்றார்.

அடுத்து வியன்னா. ஆஸ்திரியக் கால்பந்தின் தலையெழுத்தைக் கையில் வைத்திருந்தவர் ஹியூகோ மைஸ்ல், வங்கி வேலையை விட்டுவிட்டுக் கால்பந்துக்கு வந்தவர். எங்கள் அணியைத் தேற்ற யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டதும் அதே ஹௌகிராஃப்ட்தான் ஹோகன் பெயரைச் சொன்னார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்காக ஆறு வாரம் வந்தார். முதல் சில நாட்கள் சரிப்பட்டு வரவில்லை. ஆட்டக்காரர்களுக்கு அவர் சொல்வது புரியவில்லை, ரொம்ப அடிப்படையைத் தொடுகிறார் என்று முணுமுணுத்தார்கள். இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. ஹோகன் கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை. மைஸ்லும் அவரும் உட்கார்ந்து பாடத்தையே மாற்றி அமைத்தார்கள். இருவருக்கும் பந்தைத் தரையில் வைத்து ஆடும் ஆட்டத்தின் மேல் ஒரே பைத்தியம். அந்த ஒலிம்பிக்கில் ஆஸ்திரியா ஜெர்மனியை 5-1 என்று நொறுக்கிவிட்டு ஹாலந்திடம் தோற்றது. பதக்கம் இல்லை, நட்பு நிலைத்தது. 1916இல் பெர்லினில் நடக்கவிருந்த ஒலிம்பிக்குக்கு அணியைத் தயார் செய்ய ஹோகனை மைஸ்ல் மறுபடியும் அழைத்தார்.

அந்த ஒலிம்பிக் நடக்கவே இல்லை. 1914 ஆகஸ்டில் போர் வெடித்ததும், எதிரி நாட்டுக்காரர் என்று ஹோகனை வியன்னாவில் பிடித்து உள்ளே வைத்தார்கள். மனைவி மக்கள் பிறகு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். வியன்னாவில் கடை வைத்திருந்த ப்ளைத் சகோதரர்கள் என்ற ஆங்கிலேயர்கள் பொறுப்பேற்று ஹோகனை வெளியே எடுத்தார்கள். அவர்கள் வீட்டில் எடுபிடி வேலை பார்த்தார், பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் புடாபெஸ்டின் எம்.டி.கே. கிளப் ஆட்கள் செல்வாக்கைப் பயன்படுத்தி அவரைத் தங்கள் ஊருக்கு வரவழைத்தார்கள். எப்போது போய்ச் சேர்ந்தார் என்பதில் நூலுக்கு நூல் தேதி மாறுகிறது. 1916-17, 1917-18 ஆகிய இரண்டு சீசன்களிலும் எம்.டி.கே. பட்டம் வென்றபோது அங்கே அவர் இருந்தார் என்பதில் குழப்பம் இல்லை. போலீஸ் நிலையத்தில் தவறாமல் ஆஜராக வேண்டிய நிலையில் இருந்த ஒருவர், எதிரி நாட்டின் சாம்பியன் அணிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

புடாபெஸ்டில் அவர் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வயதுவந்த ஆட்டக்காரர்கள் பலர் போர்முனைக்குப் போய்விட்டதால் பையன்களை எடுத்தார். ஆங்கோல் பார்க் என்ற பூங்காவில் பந்து தட்டிக்கொண்டிருந்த ஓர்த், ப்ரௌன் என்ற இரண்டு பேரை அங்கிருந்தே பிடித்துக்கொண்டு வந்ததாகச் சொல்வார். இருவரும் 1901இல் பிறந்தவர்கள். அப்போது பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். பின்னாளில் ஜியார்ஜி ஓர்த் ஹங்கேரியின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவரானார். ப்ரௌன் யூதர், அடுத்த உலகப்போரில் கட்டாய உழைப்புப் படையில் சேர்க்கப்பட்டு 1943இல் இறந்தார். கிளப் தலைவர் ஆல்ஃபிரெட் ப்ரூல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ஹோகன் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

பாடம் என்ன? பயிற்சி முழுக்கப் பந்தோடு. வரும் பந்தை ஒரே தொடுதலில் அடக்குவது, இரண்டு காலாலும் உதைப்பது, பந்தைக் கொடுத்துவிட்டு நிற்காமல் காலி இடத்துக்கு நகர்வது. கரும்பலகையில் வரைந்து காட்டுவார், பிறகு தானே செய்தும் காட்டுவார். குட்டிப் பாஸ் மட்டும்தான் அவர் மதம் என்று சிலர் எழுதுகிறார்கள்; அது அரைகுறை. நீளமான பாஸுக்கும் அவர் எதிரி இல்லை, போய்ச் சேரும் இடம் தெரியாமல் தூக்கி அடிப்பதற்குத்தான் எதிரி. இன்று பத்து வயதுப் பையனுக்குச் சொல்லித்தரும் சமாச்சாரம் இது. அன்று தொழில்முறை ஆட்டக்காரருக்கே யாரும் சொல்லவில்லை.

சரி, காலுறை. 1918இல் போர் முடிந்ததும் ஊர் திரும்பினார், கையில் காசில்லை. லிவர்பூலில் ஒரு புகையிலைக் கம்பெனியில் வேலைக்குப் போனார். போரால் பாதிக்கப்பட்ட தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கால்பந்துச் சங்கம் 200 பவுண்டு தருகிறது என்று யாரோ சொல்ல, 5 பவுண்டு கடன் வாங்கி லண்டன் போனார். சங்கச் செயலாளர் ஃப்ரெடரிக் வால் பணத்துக்குப் பதில் மூன்று ஜோடி காக்கிக் காலுறைகளை எடுத்துக் கொடுத்து, போர்முனையில் நம் பையன்களுக்கு இது கிடைத்ததே பெரிய சந்தோஷம் என்றாராம். இந்தக் கதைக்கு மூலம் ஹோகன் ஒருவரே. நேரில் பார்த்த மூன்றாவது சாட்சியை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. என் கருத்து: சந்திப்பு நடந்திருக்கும், உதவி கிடைக்காமலும் போயிருக்கும். போர்க்காலத்தில் எதிரி ஊரில் இருந்தவர் என்ற சந்தேகக் கண் இங்கிலாந்தில் அவர் மேல் இருந்தது. காலுறை எத்தனை ஜோடி, என்ன நிறம் என்பதெல்லாம் சொல்லிச் சொல்லி மெருகேறியதாகவும் இருக்கலாம். கட்டுக்கதை என்று ஒதுக்க மாட்டேன். ஆவணம் என்றும் சொல்ல மாட்டேன்.

மறுபடியும் ஐரோப்பா. பெர்ன் நகரில் யங் பாய்ஸ், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய சுவிஸ் அணி, 1925 முதல் 1927 வரை இரண்டாம் முறை புடாபெஸ்ட். அந்த சுவிஸ் வெள்ளியை ஹோகன் ஒருவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. டெடி டக்வொர்த், டோரி கூர்ஷ்னர் ஆகியோரும் சேர்ந்து பார்த்த வேலை அது. கூர்ஷ்னர் எம்.டி.கே.யில் ஆடியவர், 1937இல் பிரேசிலுக்குப் போய் ஃபிளமெங்கோ அணியைப் பயிற்றுவித்தார்.

பிறகு ஜெர்மனி, டிரெஸ்டன். அவருடைய ஜெர்மன் படுமோசம். ஒரு கூட்டத்தில் பேசப் போய் வார்த்தைகள் குளறி அரங்கமே சிரித்துவிட்டதாம். பத்து நிமிடம் இடைவேளை விட்டு, உள்ளே போய் போல்டன் சீருடையில் திரும்பினார். பூட்ஸைக் கழற்றி எறிந்தார். வெறுங்காலால், வலது காலில் ஒன்று, இடது காலில் ஒன்று, பதினைந்து கெஜம் தள்ளியிருந்த மரப்பலகையில் அடிக்க, இரண்டாவது அடியில் பலகை பிளந்தது. இதுவும் அவர் வழியாக வந்த கதைதான், பலகை பிளந்ததைக் கொஞ்சம் உப்புப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிரெஸ்டனில் அவரிடம் கற்ற பையன்களில் ஒருவர் ஹெல்முட் ஷ்யோன் என்பதில் உப்பும் இல்லை, புளியும் இல்லை. பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் தேசியப் பயிற்சியாளரான அதே ஷ்யோன்.

1932 டிசம்பர் 7 அன்று மைஸ்லின் ஆஸ்திரிய அணி லண்டனில் இங்கிலாந்தோடு மோதியது. ஸ்காட்லாந்தை 5-0 என்றும் ஜெர்மனியை 6-0 என்றும் அடித்த, ‘வுண்டர்டீம்’ (அற்புத அணி) என்று பெயர் வாங்கிய அணி. தயார் செய்ய ஹோகனும் கூடவே வந்தார். 4-3 என்று இங்கிலாந்து வென்றது, ஆனால் யார் நன்றாக ஆடினார்கள் என்ற பேச்சு வேறு மாதிரி இருந்தது. அந்தப் பெயரோடு 1934இல் தன் பழைய ஃபுல்ஹாமுக்கே மேலாளராக வந்தார். முப்பத்தொரு மேட்சுக்குமேல் தாங்கவில்லை. அனுபவசாலி ஆட்டக்காரர்களுக்குப் பாடம் தேவையில்லை என்று நினைத்த கிளப், குடல்வால் அறுவை முடிந்து அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே வேலையை விட்டு நீக்கியது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் அமெச்சூர் அணியை இறுதி வரை கொண்டுபோய், கூடுதல் நேரத்தில் இத்தாலியிடம் 2-1 என்று தோற்று வெள்ளி வாங்கினார். அதே வருடம், வரலாற்றிலேயே முதல்முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்த ஆஸ்டன் வில்லா அவரை அழைத்தது. 1938இல் டிவிஷனை வென்று மேலே ஏற்றினார், கோப்பையிலும் அரையிறுதி. மறுவருடம் மறுபடியும் போர். ஆகவே இங்கிலாந்தில் தோற்றுப்போனவர் என்று ஒரேயடியாக எழுதுவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

இனி முதல் கேள்வி. ஹங்கேரியை உருவாக்கியது அவரா? வெம்ப்ளியில் ஆடிய ஹங்கேரிய ஆட்டக்காரர்கள் சிலர் பிறந்த வருடங்களைப் பாருங்கள். ஹிடெக்குட்டி 1922, புஷ்காஷ் 1927, கோச்சிஷ் 1929. ஹோகன் புடாபெஸ்டை விட்டுக் கடைசியாகக் கிளம்பியது 1927இல். அன்றைக்கு புஷ்காஷ் தொட்டிலில். வெம்ப்ளியில் ஆடிய ஒருவருக்கும் அவர் நேரடியாகச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. இங்கிலாந்தைத் திணறடித்த, சென்டர் ஃபார்வர்டை, அதாவது முன்வரிசையின் நடு ஆட்டக்காரரை, பின்னால் இழுத்து ஆடவிடும் உத்தியை எம்.டி.கே.யில் மார்டன் புகோவி செய்து பார்த்தார். தேசிய அணிக்கு அதைக் கொண்டுவந்து ஒட்டுமொத்த அணியாகக் கோத்தவர் குஸ்தாவ் ஷெபெஷ். போதாததற்கு, ஹோகனுக்கு முன்பே 1911 முதல் ஜான் டைட் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எம்.டி.கே.யில் தரையோடு ஆடும் பாஸ் ஆட்டத்துக்கு விதை போட்டிருந்தார். ஆக, ‘உருவாக்கினார்’ என்ற சொல் அதிகம்.

அதற்காக எதுவுமில்லை என்றும் ஆகாது. மேட்ச் முடிந்ததும் ஹங்கேரியக் கால்பந்துச் சங்கத் தலைவர் ஷாண்டோர் பார்ச், எங்களுக்குக் கால்பந்தில் தெரிந்ததெல்லாம் ஜிம்மி ஹோகன் கற்றுத்தந்ததே என்றார். எங்கள் கால்பந்து வரலாற்றில் அவர் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும் என்றார் ஷெபெஷ். அந்த வார்த்தைகளில் கொஞ்சம் குறும்பும் இருந்ததாக எனக்குப் படுகிறது. தோற்ற வீட்டுக்காரரிடம், எங்களுக்கு இதைக் கொடுத்ததே உங்கள் ஊர்க்காரர்தான் என்று சொல்வதில் ஒரு ருசி உண்டு. ஆனால் அடித்தளம் உண்மை. பையன்களை இளம் வயதில் எடுத்துப் பந்தோடு வளர்க்கும் வழக்கம் அந்தக் கிளப்பில் ஊன்றியது. அவரிடம் கற்றவர்களில் சிலர் தாங்களே பயிற்சியாளர்களானார்கள். இசையில் குரு பரம்பரை சொல்கிறோமே, அதுபோல மூன்றாவது தலைமுறையில் போய் விளைந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அன்று ஹோகனும் வெம்ப்ளியில் இருந்தார், எழுபத்தொரு வயதில். ஆஸ்டன் வில்லாவின் இளம் ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு டிக்கெட் எடுத்துப் போய், ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்குச் சில வருடம் முன்பு கிளாஸ்கோவில் செல்டிக் அணியிலும் வேலை பார்த்தார். அங்கே அவரிடம் கற்ற டாமி டோக்கர்ட்டியும், வில்லாவில் கற்ற ரான் அட்கின்சனும் பின்னாளில் இங்கிலாந்தில் பெயர் போன மேலாளர்கள். இருவரும் அவரை மறக்காமல் பேசியவர்கள்.

1974 ஜனவரி 30 அன்று பர்ன்லியில் ஹோகன் இறந்தார். நவீன ஜெர்மன் கால்பந்தைத் தோற்றுவித்தவர் அவர் என்று ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் பொதுச் செயலாளர் அவருடைய மகனுக்குக் கடிதம் எழுதினார். இரங்கல் கடிதம் என்பதால் அதிலும் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். அந்த வருடம் ஜூலையில் ஷ்யோனின் அணி மியூனிக்கில் உலகக் கோப்பையை வென்றது. இங்கிலாந்து அந்தப் போட்டிக்குத் தகுதியே பெறவில்லை.